மீன் தொட்டி மூடிக்குள் ஒரு விளக்கு



கெடா மாநிலத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் தோட்டத்தையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். அவருக்குப் பதினைந்து வயதில் ஒரு மகன். பட்டணத்தில் யாரோ வேண்டாமென்று ஒதுக்கிய ஒன்றரை அடி மீன் தொட்டியைக் கூட்டாளியின் மோட்டார் சைக்கிளில் மடிமீது வைத்துக் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். கப்பி மீன் ஏழெட்டு, ஒரு பிடி ஜாவா பாசி. மூடிக்குள் இருந்த பழைய குழல் விளக்கு எரியவில்லை. பையன் சும்மா இருப்பானா? வீட்டு பல்பு மாட்டும் ஹோல்டர் ஒன்றை மூடிக்குள் கம்பியால் கட்டி, சுவர் பிளக்கிலிருந்து வயரை இழுத்து எரிய விட்டான். இரண்டு வாரம் நன்றாகத்தான் எரிந்திருக்கிறது. ஒரு நாள் மாலை மூடியைத் தூக்கிய தாயின் விரல்களைச் சுரீரென்று பிடித்து இழுத்திருக்கிறது.

"தொட்டியைக் கொண்டுபோய்க் கொட்டு" என்கிறார் தகப்பனார். மகன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "நான் யார் பக்கம் பேசுவது, வாத்தியாரையா?" என்று கேட்கிறார் அந்தச் சகோதரி.

இருவர் பக்கமும் பேசலாம் அம்மா. தகப்பனார் பயந்ததில் தவறே இல்லை. அவர் பயந்தது உயிருக்கு. ஆனால் கொட்ட வேண்டியது தொட்டியை அல்ல. சுவரிலிருந்து மூடிக்குள் ஓடும் அந்த வயரைத்தான் கழற்ற வேண்டும். அதே மூடிக்குள், அதே பையனின் கையாலேயே, ஆபத்தில்லாத விளக்கொன்றை அமைக்க முடியும். அது எப்படி என்பதைத்தான் இம்முறை விளக்கமாக எழுதுகிறேன். வீட்டில் மீன் தொட்டி இல்லாதவர்களும் படியுங்கள். தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடம் எல்லா வீட்டிலும் உண்டு.

முதலில், அந்த மூடிக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம். நம் வீட்டுப் பிளக்கில் வருவது 240 வோல்ட். தொட்டியின் நீர் இரவும் பகலும் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. ஆவி மேலே போய் மூடியின் உட்புறத்தில் துளித்துளியாகப் படிகிறது. மீன் துள்ளும்போதும் காற்றுக் குமிழிகள் வெடிக்கும்போதும் தெறிக்கும் நீர் காய்ந்து வெள்ளைப் படலமாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலம் மறுபடி ஈரமானால் மின்சாரம் அதன் வழியே ஊர்ந்து வரும். முதல் நாள் காய்ந்திருந்த ஹோல்டர் பதினான்காம் நாள் ஈரப் பாதையாகிவிட்டது, அவ்வளவுதான். இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லையே என்பது பாதுகாப்புக்குச் சாட்சி ஆகாது.

நனைந்த தோல் மின்சாரத்தைத் தடுக்கும் ஆற்றலை இழந்துவிடும். ஈரமான உடம்பின் தடையைச் சுமாராக 1000 ஓம் என்று வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். 240-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.24 ஆம்பியர், அதாவது 240 மில்லி ஆம்பியர். இதயத்தைத் தடுமாற வைக்க அதில் ஒரு பங்கே போதும். ஆகவேதான் ஆட்களைக் காப்பதற்கென்று வைக்கும் தற்காப்பு சுவிட்ச் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அறுத்துக்கொள்ளும்படி செய்யப்படுகிறது.

அந்தச் சகோதரிக்கு ஒரு சொல். சுரீரென்று இழுத்த பிறகும் உங்கள் வீட்டு இ.எல்.சி.பி. விழவில்லை என்றால் அதையும் பார்க்கச் சொல்ல வேண்டும். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் 'டெஸ்ட்' என்று எழுதிய சிறு பொத்தான் இருக்கும். அழுத்தினால் 'டக்'கென்று விழ வேண்டும். விழாவிட்டால், அப்படி ஒரு பெட்டியே வீட்டில் இல்லாவிட்டால், தோட்ட அலுவலகத்தில் சொல்லுங்கள். தோட்டத்துக் குடியிருப்புக்குத் தண்ணீரும் மின்சாரமும் கொடுத்து வீட்டைப் பழுது பார்த்துத் தருவது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் சொல்கிறது. கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். உரிமம் பெற்ற வயர்மேன் வந்துதான் பார்க்க வேண்டும்; வீட்டு வயரிங்கில் பையன் கை வைக்கக் கூடாது, நீங்களும் கூடாது.

இனி விளக்குக்கு வருவோம்.

எல்.இ.டி. என்னும் சின்ன விளக்கு 1962-இல் சிவப்பாகத்தான் பிறந்தது. அமெரிக்காவில் நிக் ஹோலொன்யாக் என்பவர் செய்தார். ரேடியோவிலும் கடிகாரத்திலும் சிவப்புப் பொட்டாக எரிந்ததைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வெளிச்சத்துக்கு நீலம் தேவைப்பட்டது. பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் செய்து காட்டிய ஜப்பானில் பிறந்த மூவருக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. நீல விளக்கின் மேல் மஞ்சள் பூச்சு ஒன்றைத் தடவினால் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். அணைந்திருக்கும்போது பாருங்கள், அந்த மஞ்சள் புள்ளி தெரியும். இது நமக்குத் தூரத்துக் கதை அல்ல. 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகள் எழும்பத் தொடங்கியபோது எத்தனையோ தோட்டத்துப் பெண்கள் பேருந்தேறி மின்னணு வேலைக்குப் போனார்கள். கெடா கூலிமில் 2017-இல் ஒஸ்ராம் நிறுவனம் எல்.இ.டி. சில்லு செய்யும் தொழிற்சாலையையே திறந்தது. அந்தச் சகோதரியின் மாநிலம்தான்!

கடையில் நாடாவைப் போலச் சுருளாக விற்கிறார்களே, 12 வோல்ட் எல்.இ.டி. நாடா, அதுதான் நமக்கு வேண்டியது. தீபாவளிக்கு அஞ்சடியில் ஓட்டி அழகு பார்ப்பீர்களே, அதே சாமான். பெரும்பாலும் 5 மீட்டர் சுருளாகக் கிடைக்கும். மீட்டருக்கு 60 விளக்கு உள்ளதாக, 3528 என்ற எண்ணுள்ள சிறிய வகையைக் கேளுங்கள். அது மீட்டருக்கு 4.8 வாட்தான் எடுக்கும். 5050 என்ற பெரிய வகை 14.4 வாட் எடுக்கும். சின்ன மூடிக்குள் அவ்வளவு சூடும் வேண்டாம், அவ்வளவு வெளிச்சமும் வேண்டாம். கடைக்காரர் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார். வண்ணம் மாறி மாறிச் சிமிட்டும் நாடாவைப் பிள்ளைகள் கேட்பார்கள். மீனுக்கு அது தொல்லை, செடிக்குப் பயனில்லை. பகல் வெளிச்சத்தைப் போன்ற வெள்ளை, 6500 கெல்வின் என்று போட்டிருக்கும், அதுவே போதும்.

நாடாவை உற்றுப் பாருங்கள். மூன்று மூன்று விளக்காகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் நடுவில் கத்திரிக்கோல் குறி இருக்கும். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தொடர் மின்சுற்று, இணை மின்சுற்று என்று கரும்பலகையில் வரைந்து காட்டுகிறோமே, இரண்டும் இந்த நாடாவிலேயே இருக்கின்றன. மூன்று விளக்கும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் சுற்றில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 3 வோல்ட் எடுத்துக்கொள்ள, மிச்சம் 3 வோல்ட்டைப் பக்கத்தில் உள்ள சிறு மின்தடை தின்றுவிடும். கூட்டினால் 12. இந்த மூன்று மூன்று பிரிவுகளும் தம்முள் இணை சுற்றில் நிற்கின்றன. குறியில் வெட்டினால் எந்த விளக்குக்கும் கேடில்லை. குறி தவறி நடுவில் வெட்டினால் அந்த மூன்றும் போச்சு.

ஒன்றரை அடித் தொட்டி என்றால் நீளம் 45 செ.மீ., அகலம் 25, உயரம் 30 என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் 33 லிட்டருக்குச் சற்று மேலே பிடிக்கும். மூடிக்குள் 40 செ.மீ. நீளத்தில் மூன்று வரிசை நாடா போதும். வரிசைக்கு 8 பிரிவு, 24 விளக்கு. மூன்றுக்கும் சேர்த்து 72. மொத்தம் 1.2 மீட்டர். 4.8-ஆல் பெருக்கினால் 5.76 வாட், அதாவது அரை ஆம்பியருக்கும் குறைவு. நாளைக்கு எட்டு மணி நேரம் எரித்தாலும் மாதத்துக்கு ஒன்றரை யூனிட்டைத் தொடாது. பையன் கட்டியது 40 வாட் குண்டு பல்பாக இருந்திருந்தால் ஒன்பதரை யூனிட்டுக்கு மேல் ஓடியிருக்கும். சூட்டில் தண்ணீரும் வெந்திருக்கும்.

ஒரு வீட்டுக்கு 1.2 மீட்டர் என்றால் ஒரு சுருளில் நான்கு வீட்டுத் தொட்டிக்கு விளக்கு போடலாம். பக்கத்து வீட்டோடு கூட்டுச் சேர்ந்து வாங்குங்கள். மிஞ்சுகிற 20 செ.மீ. துண்டை எறிந்துவிடாதீர்கள். பற்றவைத்துப் பழக அது வேண்டும்.

இனி நான் சொல்வதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியம். 12 வோல்ட் ஆபத்தில்லாதது. நீச்சல் குளத்தின் தண்ணீருக்குள்ளேயே எரியும் விளக்குகளில் பல 12 வோல்ட்தான். ஆனால் அந்த 12 வோல்ட் எங்கிருந்து வருகிறது? 240 வோல்ட்டை வாங்கி 12 ஆக்கித் தரும் அடாப்டரிலிருந்து. நல்ல அடாப்டரில் உள்ளே வரும் மின்சாரத்துக்கும் வெளியே போகும் மின்சாரத்துக்கும் நடுவில் தொடர்பே இராதபடி பிரித்திருப்பார்கள். மட்டமான அடாப்டரில் அந்தப் பிரிவு மெல்லியதாக இருக்கும். அது உடைந்தால் '12 வோல்ட்' என்று எழுதியிருக்கும் வயரிலேயே 240 வந்து நிற்கும். ஆகவே நாடாவில் காசை மிச்சம் பிடியுங்கள், அடாப்டரில் பிடிக்காதீர்கள். பாசார் மாலாமில் பெயரில்லாமல் குவித்து விற்பதைத் தொடவே வேண்டாம். சிரிம் முத்திரை ஒட்டியதாகப் பார்த்து வாங்குங்கள்.

பழுதான இணைய மோடத்தின் அடாப்டர் வீட்டில் கிடந்தால் அதன் முதுகைப் படித்துப் பாருங்கள். பல 12 வோல்ட், 1 ஆம்பியராக இருக்கும். நமக்கு வேண்டியது அரை ஆம்பியர்தான். ஆகவே அது பாதி வேலை செய்துகொண்டு சூடேறாமல் இருக்கும். வோல்ட் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நேர்க்கோடும் அதன் கீழே விட்டுவிட்டு ஒரு கோடும் இருந்தால் அது நேர் மின்னோட்டம், நமக்கு ஏற்றது. பாம்பு நெளிவதைப் போன்ற கோடு இருந்தால் மாறு மின்னோட்டம், ஒதுக்கி வைத்துவிடுங்கள். மூடு உடைந்தது, வயர் நைந்தது, எரிந்த வாடை வருவது, இவை எதுவும் வேண்டாம்.

லாரி பேட்டரியோ மோட்டார் சைக்கிள் பேட்டரியோ 12 வோல்ட்தானே என்று சிலர் கேட்பார்கள். ஷாக் அடிக்காது, உண்மை. ஆனால் இரு வயரும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் பேட்டரி பல பத்து ஆம்பியரைக் கொட்டும். வயர் பழுத்து வீடு தீப்பிடிக்கும். பலகைச் சுவர் வீடுகளில் அந்த விளையாட்டு வேண்டாம்.

வேலையைத் தொடங்கும் முன் பழைய மூடியிலிருந்து குழல் விளக்கு, அதன் கூடு, வயர், சோக்கு எல்லாவற்றையும் பிளக்கைப் பிடுங்கிய பிறகு அடியோடு கழற்றிவிடுங்கள். பின்னால் உதவும் என்று ஒரு வயரைக்கூட உள்ளே விட்டு வைக்காதீர்கள். மூடியைச் சோப்பு போடாமல் வெந்நீரால் கழுவிக் காய வையுங்கள். உட்புறம் கறுப்பாக இருந்தால் வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு ஒன்றை வெட்டி ஒட்டலாம். வெளிச்சம் கீழே திரும்பும். சிலர் சமையலுக்கு வாங்கும் ஈயத்தாளை ஒட்டுவார்கள். அது மின்சாரத்தைக் கடத்தும். வேண்டாம்.

நாடாவின் முதுகில் பசை இருக்கிறது, நேரே மூடியில் ஒட்டிவிடலாமே? ஒட்டலாம். இரண்டு மாதத்தில் சூட்டிலும் ஈரத்திலும் பசை விட்டு, நாடா தண்ணீருக்குள் தொங்கும். அதனால் பட்டையான அலுமினியத் துண்டுகள் மூன்று வேண்டும், 40 செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாக, 2 செ.மீ. அகலத்தில். அலுமினியச் சன்னல் செய்யும் கடையில் வெட்டித் தள்ளிய துண்டுகள் கிடக்கும், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அலுமினியம் நாடாவை வளையாமல் தாங்கும். விளக்கின் சூட்டையும் இழுத்துப் பரப்பும். எல்.இ.டி. குளிர்ச்சியான விளக்கு என்று சொல்வது பாதி உண்மைதான். வெளிச்சம் சுடாது, விளக்கின் முதுகு சுடும். சூடு போக வழியில்லாவிட்டால் சீக்கிரம் மங்கிப் போகும்.

துண்டுகளை ஸ்பிரிட்டால் துடைத்து, நாடாவை ஒட்டுங்கள். வெட்டிய முனையில் செம்பு தெரியும். அது அலுமினியத்தில் பட்டால் கூட்டலும் கழித்தலும் சேர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முனைக்கும் அடியில் முதலில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன்மேல் நாடாவின் முனை வரும்படி வையுங்கள். சின்ன விஷயம்தான்; ஆனால் எரியாத விளக்குகளில் பலவற்றின் நோய் இங்கேதான் இருக்கும்.

பிறகு பற்றவைப்பு. மூன்று வரிசையின் கூட்டல் முனைகளையும் சிவப்பு வயரால், கழித்தல் முனைகளையும் கறுப்பு வயரால் சேர்க்க வேண்டும். ஸ்பீக்கருக்குப் போடும் மெல்லிய இரட்டை வயர் போதும். 30 வாட் சூட்டுக்கோல் ஒன்று, கொஞ்சம் ஈயக்கம்பி. முதலில் வயர் நுனியில் ஈயம் ஏற்றுங்கள், பிறகு நாடாவின் செம்பில் ஒரு பொட்டு. இரண்டையும் சேர்த்து வைத்து இரண்டு மூன்று விநாடி தொட்டால் ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் அழுத்திப் பிடித்தால் செம்பு உரிந்து வந்துவிடும். அந்த 20 செ.மீ. துண்டு இதற்குத்தான்: ஐந்தாறு தடவை ஒட்டிக் கழற்றிக் கை பழகிய பிறகு உண்மையான நாடாவைத் தொடச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. சூட்டுக்கோல் பிடிக்கும் கைக்கு அல்ல, பக்கத்தில் வந்து எட்டிப் பார்க்கும் தம்பி தங்கைகளுக்காக. ஈயம் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் சோற்றில் கை வைக்கக் கூடாது. பற்றவைக்காமல் கவ்விப் பிடிக்கும் கிளிப்புகள் கிடைக்கின்றன. அறையில் மாட்டும் விளக்குக்கு அவை சரி. ஈரமான மூடிக்குள் சில மாதத்தில் பச்சை பூத்துவிடும். நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அந்தப் பச்சை நமக்கு இன்னொரு விதத்திலும் ஆகாது. செம்பின் களிம்பு தண்ணீரில் சொட்டினால் மீன் தாங்கினாலும் சின்ன இறால்களும் நத்தைகளும் செத்துப்போகும். ஆகவே எந்தச் செம்பும் வெளியே தெரியக் கூடாது. நாடா வாங்கும்போதே மேலே ஜெல்லி பூசிய ஐ.பி. 65 வகையைக் கேளுங்கள். வெட்டிய முனைகளையும் பற்றவைத்த இடங்களையும் சிலிக்கோன் பசையால் மூடுங்கள். இரும்புச் சாமான் கடையில் சிலிக்கோன் பலவகை. குளியலறைக்கென்று பூசணம் பிடிக்காத மருந்து கலந்தது மீனுக்கு நஞ்சு. புளிச்ச காடி வாடை அடிப்பது கண்ணாடி ஒட்டச் சிறந்தது. ஆனால் காயும் வரை அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். காடி வாடை இல்லாத 'நியூட்ரல்' வகையை, மருந்து கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு நாள் முழுவதும் காய விடுங்கள்.

காய்ந்ததும் மேசைமீது வைத்து எரிய விட்டுப் பாருங்கள். ஒரு வரிசை எரியவில்லை என்றால் வயர் தலைகீழாக இருக்கும்; மாற்றிக்கொள்ளலாம், விளக்குக்கு ஒன்றும் ஆகாது. மூன்று மணி நேரம் எரிந்த பிறகு அலுமினியத்தைத் தொட்டால் இளஞ்சூடாக இருக்கலாம். கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் தவறான நாடாவை வாங்கிவிட்டீர்கள்.

அலுமினியத் துண்டுகளை மூடியின் உட்புறத்தில் ஆறு செ.மீ. இடைவெளி விட்டுத் துருப்பிடிக்காத திருகாணியால் முடுக்குங்கள். அவற்றுக்குக் கீழே, விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில், 3 மில்லிமீட்டர் பெர்ஸ்பெக்ஸ் தகடு ஒன்றை வெட்டிச் சுற்றிலும் திருகாணியும் சிலிக்கோனும் போட்டு அடைத்துவிடுங்கள். இது இல்லாத மூடி பாதி வேலை முடிந்த மூடிதான். அடைப்பு சரியா என்று அறிய ஒரு வழி: கடைசிப் பக்கத்தை மூடும் முன் உள்ளே ஒரு துண்டு மெல்லிய தாளைப் போட்டு வையுங்கள். ஒரு வாரம் கழித்தும் அது மொறுமொறுவென்று இருந்தால் சரி. துவண்டு தகட்டில் ஒட்டிக் கிடந்தால் எங்கோ வழி இருக்கிறது.

தொட்டியின் வாயை மட்டும் முழுக்க அடைத்துவிடாதீர்கள். பின்பக்கம் விரல் நுழையும் இடைவெளி வேண்டும். நம் பக்கத்துச் சண்டை மீன், பெலாகா என்கிறோமே, அது செவுளால் மட்டுமல்ல, மேலே வந்து காற்றையும் விழுங்கிச் சுவாசிக்கும் மீன். தண்ணீருக்கும் தகட்டுக்கும் நடுவில் மூன்று விரற்கடை காற்று இருக்கட்டும்.

வயரை மூடியின் பின்பக்க மேல் விளிம்பில் சிறு துளையிட்டு வெளியே எடுத்து, துளையைச் சிலிக்கோனால் அடையுங்கள். அடாப்டரின் முனையைச் செருகும் துண்டு மூடிக்கு வெளியே, எட்டத்தில் தொங்கட்டும். அடாப்டரை மூடிமேல் வைக்காதீர்கள். தொட்டிக்கு நேர் கீழேயுள்ள பிளக்கிலும் போடாதீர்கள். இன்னொன்று: வயர் பிளக்குக்குப் போகும் வழியில் அதைவிடத் தாழத் தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். வயர் வழியே வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தாழ்ந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் ஏறாது. மழை நாளில் கூரையிலிருந்து வரும் வயரை மின்வாரியத்தார் வளைத்து விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் அதுதான்.

விளக்கு 12 வோல்ட் ஆகிவிட்டது என்று நிம்மதியாகக் கையைத் தண்ணீரில் விட்டுவிடக் கூடாது. தண்ணீரை வடிகட்டும் மோட்டார் இன்னும் 240 வோல்ட்டில்தான் ஓடுகிறது. அது தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது! விளக்கைக் காட்டிலும் அதைத்தான் கவனிக்க வேண்டும். வயர் நைந்திருந்தால் டேப் சுற்றி ஓட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள். எல்லா வயரும் ஒரே பலகையில் செருகியிருந்தால் நல்லது: தொட்டிக்குள் கை போகும் முன் ஒரே சுவிட்ச், எல்லாம் நிற்கும்.  இந்தப் பழக்கம் பையனுக்கு மட்டும் இருந்தால் போதாது. தாய்க்கும், தங்கைக்கும், விடுமுறைக்கு வரும் மாமாவுக்கும் இருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் எரிய விடுவது? முதல் இரண்டு வாரம் ஆறு மணி நேரம் போதும். பிறகு எட்டு. அதற்கு மேல் போனால் கண்ணாடியில் பச்சைப் பாசி படரும், தண்ணீர் பச்சை ரசம் போல ஆகும். சன்னல் வெயில் நேரே விழும் இடத்தில் தொட்டி இருந்தால் எத்தனை குறைத்தாலும் பாசி வரும். இடத்தை மாற்றுவதே வழி. விடியற்காலை பெரட்டுக்கு ஓடும் வீட்டில் விளக்கைப் போட்டு அணைக்க யாருக்கு நேரம்? பிளக்கில் செருகும் டைமர் கிடைக்கிறது. பிற்பகல் இரண்டிலிருந்து இரவு பத்து என்று வைத்துவிட்டால் வேலை முடிந்து வருபவர்கள் குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்து பார்க்கலாம். மீனுக்கு இந்த விளக்கு அவசியமே இல்லை, பார்ப்பது நாம்தான். மீனுக்கு அவசியம் இருட்டு. இரவெல்லாம் எரிய விட்டால் அது ஓய்வெடுக்க முடியாது.

செடிக்கு விளக்கு வேண்டும். 5.76 வாட் வெளிச்சத்தில் ஜாவா பாசி, ஜாவா பெரணி இரண்டும் நன்றாக வளரும். பெரணி நம் நாட்டு ஓடைக் கற்களில் தானாகவே வளர்வது. அதன் கிழங்கை மண்ணில் புதைத்தால் அழுகும். கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டி விடுங்கள். படத்தில் காட்டுகிறார்களே, தரையெல்லாம் பச்சைக் கம்பளமாக, அந்தச் செடிகளுக்கு இந்த வெளிச்சம் காணாது. அதற்காக நாடாவைக் கூட்டாதீர்கள். கூட்டினால் பாசிதான் முதலில் பிழைக்கும்.

இருட்டறையில் விளக்கு படாரென்று எரிந்தால் மீன் மிரண்டு மூடியில் முட்டும். டைமரை அறை விளக்கு எரியும் நேரத்துக்கோ பகல் வெளிச்சம் உள்ள நேரத்துக்கோ பொருத்திவிடுங்கள். மாதம் ஒரு முறை பெர்ஸ்பெக்ஸ் தகட்டை ஈரத் துணியால் துடையுங்கள். வெள்ளைக் கறை போகாவிட்டால் எலுமிச்சைச் சாறு தொட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். துடைக்கும் முன் சுவிட்ச்.

இரண்டடி, மூன்றடித் தொட்டி வைத்திருப்பவர்கள் நீள அகல உயரத்தையும் மூடியின் உட்புற அளவையும் எழுதி அனுப்புங்கள். எத்தனை வரிசை, எத்தனை ஆம்பியர் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன். அளவு அங்குலத்திலா சென்டிமீட்டரிலா என்பதை மறக்காமல் குறிப்பிடுங்கள்.